பரிமளத்தைப் பிடித்துக்கொண்ட சொல்

கண்டி வாவிக்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் அந்தத் தேயிலை ஏஜென்சிக் கொம்பனி இருந்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றின் கணக்கு வழக்கு, தேயிலை விற்பனை, துரைமாரின் லீவு, பெக்டரிக்கு வேண்டிய பெல்ட்டும் ஆணியும், எல்லாம் அங்கிருந்துதான் நடந்தன. 1963ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு, அந்தக் கொம்பனியின் டெலிபோன் பலகைக்கு முன்னால் கிடந்த உயரமான கதிரையில் பரிமளம் ஏறி உட்கார்ந்தாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது. அப்பா அழகமுத்து கொழும்பு வீதிப் புடவைக் கடை ஒன்றில் விற்பனையாளர். அம்மா கமலம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் வாடகை வீடு. கன்னியாஸ்திரிகளிடம் படித்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியிருந்த பரிமளத்துக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் அது புத்தகத்து இங்கிலீஷ். உதடு அசைவதைப் பார்க்க முடியாமல், கம்பிக்குள்ளிருந்து கரகரத்துக்கொண்டு வருகிற இங்கிலீஷ் வேறு சாதி.

அதுவரை அந்தக் கதிரையில் இருந்த மிஸ் யான்ஸ் என்ற பறங்கிப் பெண் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகவிருந்தாள். போவதற்கு முன்பு அவசர அவசரமாகப் பரிமளத்துக்கு வேலை பழக்கினாள். எந்தத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் பலகையில் எந்த மூடி விழும், எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருக வேண்டும் என்பதையெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் சொன்னாள்.

“இதோ பார், உனக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. ‘ஹோல்ட் த லைன், ப்ளீஸ்’ என்று சொல். மனுஷர் காத்திருப்பார்கள். அதற்குள் நீ யோசித்துக்கொள்ளலாம்.”

ஹோல்ட் என்றால் பிடி. பாலர் வகுப்பிலேயே பரிமளம் அதைப் படித்திருந்தாள். பந்தைப் பிடி, கையைப் பிடி. டெலிபோனில் மட்டும் அதற்கு ‘காத்திரு’ என்று அர்த்தம் வந்தது எப்படி என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வந்த சில நாளிலேயே அந்தச் சொல் இன்னும் பல வேஷங்கள் போட்டுக்கொண்டு அவள் காதுக்குள் நுழைந்தது. டிரெக்டர்மார் மீட்டிங்கை ஹோல்ட் பண்ணினார்கள். ஏலத்தில் விலை குறைந்தால் தேயிலையை ஹோல்ட் பண்ணச் சொன்னார்கள். கொம்பனியின் பெரிய துரை ஒரு நாள் பியூனைப் பார்த்து, நாக்கை ஹோல்ட் பண்ணு என்று கத்தினார். பியூன் கையை வாய்க்குக் கொண்டுபோகிறானா என்று பரிமளம் எட்டிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் அப்பா வாங்கிக் கொடுத்த தடித்த அகராதியைப் புரட்டினால் அந்த ஒரு சொல்லுக்கே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

மிஸ் யான்ஸ் கப்பலேறிய பிறகுதான் வினை வந்தது.

பெரிய துரை கொழும்புக்குப் போயிருந்தார். அன்று பின்னேரம் அவர் திரும்பி வருவதற்காக மேல்மாடியில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பலகையில் ஒரு மூடி விழுந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர், மூச்சிரைக்கப் பேசினார். “உங்கள் துரை கடுகண்ணாவையில் ஹெல்ட் அப். சொல்லிவிடு.” அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

பரிமளம் அதைக் கொள்ளை என்றே எடுத்துக்கொண்டாள். அந்த வாரம்தான் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: எங்கோ ஒரு வங்கியில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளை, அதற்கு இங்கிலீஷ் பேப்பர் வைத்த பெயர் ஹோல்ட் அப். கடுகண்ணாவைக் கணவாயோ பழைய காலத்திலிருந்தே வழிப்பறிக்குப் பேர்போன இடம். அவள் மேல்மாடிக்குக்கூட ஓடவில்லை. கடுகண்ணாவைப் பொலிசுக்கே கோல் எடுத்து, “எங்கள் துரையை ஹெல்ட் அப் பண்ணிவிட்டார்கள்” என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

பொலிஸ் ஜீப் பறந்தது. மலையைக் குடைந்து போட்ட பாதைக்குப் பக்கத்தில் ஒரு லொறி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன; ‘ஹெல்ட் அப்’ என்றால் வழியில் தடைபட்டு நிற்பதும்தான். பெரிய துரை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தார். துப்பாக்கியோடு குதித்த கொன்ஸ்தாபிள்மார் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, கொள்ளைக்காரர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று கேட்டார்களாம்.

பொழுதுபட்டு வந்து சேர்ந்த துரை நேரே பலகைக்கு முன்னால் வந்து நின்றார். வேலை போய்விட்டது என்றே பரிமளம் நினைத்தாள். துரை ஏசவில்லை.

“மிஸ் அழகமுத்து, உண்மையாகவே கொள்ளைக்காரர்கள் வந்தால் உன்னைக் கூப்பிடச் சொல்கிறேன். லொறி கவிழ்ந்தால் எனக்குத் தேநீர் மட்டும் வைத்திரு.”

டெலிபோன் பலகையில் நடந்த கூத்து டெலிபோன் வழியாகவே மலையெல்லாம் பரவிவிட்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் எந்தத் தோட்டத்துக்குப் பேசினாலும் மறுமுனையில் ஒரு கனைப்பு கேட்டது.

புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ராஜலிங்கம் என்ற பெக்டரி கிளாக்கர் இருந்தான். நாள்தோறும் காலையில், முதல்நாள் எவ்வளவு தேயிலை அரைத்தார்கள் என்பதைக் கொம்பனிக்குச் சொல்வது அவன் வேலை. கணக்கைக் கேட்டு எழுதுகிறவர் எப்போதும் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். ஆகவே அவன் நாளும் ‘ஹோல்ட்’ பண்ண வேண்டும். அதுவரை அவனும் அவளும் இங்கிலீஷில் வணக்கம் சொல்வதைத் தவிர வேறு பேசியதில்லை. அன்று அவன் தமிழில் கேட்டான்.

“மிஸ், இன்னைக்கு யாரும் ஹெல்ட் அப் ஆகலையே?”

பரிமளத்துக்குச் சுரீரென்றது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு மற்ற அழைப்புகளைக் கவனித்தாள். கணக்கு எழுதுபவர் ஓய்வாக உட்கார்ந்திருந்தும் வெகுநேரம் இணைப்புக் கொடுக்கவில்லை. மறுநாள் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

“நேத்து நான் சொன்னது தப்புதாங்க மிஸ். மன்னிச்சுக்குங்க. கணக்கு பிந்தினதுக்கு எங்க துரைகிட்ட ஏச்சு வாங்கினதும் போதும், ஒங்களால காத்து நின்னதும் போதும்.”

“காத்திருங்கன்னு சொல்றது என் வேலை” என்றாள் பரிமளம் விறைப்பாக.

“அதுதாங்க எனக்கு வெளங்கல. தினமும் லைனைப் புடிச்சுக்கிட்டு இருங்கன்னு சொல்றீங்க. நான் பொறந்து வளந்ததே லைன்லதான். இப்பதான் கிளாக்கராகி குவாட்டர்ஸுக்கு வந்திருக்கேன். மறுபடியும் லைனையே புடிக்கச் சொன்னா எப்படிங்க?”

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகளுக்குத்தான் லைன் என்று பெயர். பரிமளம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பலகைக்குப் பக்கத்து மேசையில் தட்டெழுத்து அடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்படித்தான் தொடங்கிற்று. ஒரு நாளைக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டொரு நிமிஷப் பேச்சு. அதற்குமேல் பேச விடமாட்டார் பொன்னுத்துரை. அவர் புசல்லாவைத் தபால் கந்தோரில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற யாழ்ப்பாணத்து மனிதர். தோட்டத்துக் கோல் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் கண்டிக்கு வர வேண்டும். நேரம் முடிந்ததும் இடையில் புகுந்து, “தம்பி, நேரம் முடிஞ்சுது” என்பார். ஒரு விநாடி கூடுதலாகக் கொடுக்கமாட்டார்.

ராஜலிங்கத்திடமும் ஓர் அகராதி இருந்தது. ஹோல்ட் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு வந்து பரிமளத்திடம் சொல்வான். கொழுந்து வாடப்போடும் தட்டு இதற்குமேல் ஹோல்ட் பண்ணாது என்று பெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் சொன்னாராம். அதற்கு ‘கொள்ளாது’ என்று அர்த்தம். மழை வராமல் இப்படியே ஹோல்ட் பண்ணினால் நல்லது என்று தோட்டத்து உதவித் துரையான சின்னதுரை சொன்னாராம். அதற்கு ‘நீடிப்பது’ என்று அர்த்தம். பரிமளமும் விடமாட்டாள்.

“இங்கிலீஷ்காரன்தான் ஒரே சொல்ல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் ஓட்டுறான்னு நெனக்காதீங்க. நாம மட்டும் என்னவாம்? பஸ்ஸைப் பிடிக்கிறோம். பைப்ல தண்ணி பிடிக்கிறோம். தடிமன் பிடிக்குது. மழை பிடிக்குது. குடை பிடிக்கிறோம்.”

“அடுப்புல அடி புடிக்குது” என்றான் ராஜலிங்கம். “கோவில்ல சாமி புடிக்குது. இன்னும் ஒண்ணு இருக்குங்க மிஸ்.”

“என்ன?”

கம்பியில் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி, நேரம் முடிஞ்சுது” என்றார் பொன்னுத்துரை.

அன்று முழுவதும் பரிமளம் இரண்டு மூன்று கோல்களைத் தப்பான இடத்துக்குக் கொடுத்தாள். அவன் சொல்லாமல் விட்டது எது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவனும் பிறகு அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருஷங்கள் போயின. அவன் உயரமானவனாக, மெலிந்தவனாக இருப்பான் என்று அவளாக ஒரு படம் போட்டு வைத்திருந்தாள்.

1967ஆம் ஆண்டு ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வாவித் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகிவிட்டது. ஒரு நாள் முற்பகல் புசல்லாவைத் தோட்டத்து மூடி விழுந்தது. பேசியது ராஜலிங்கம் அல்ல, சின்னதுரை. “பெரியவரிடம் சொல், இட் வோண்ட் ஹோல்ட்…” என்று கத்தினார். பின்னால் யார் யாரோ கூச்சலிடுவது கேட்டது. அத்தோடு சத்தம் நின்றுவிட்டது.

பரிமளம் அதை அப்படியே பெரிய துரையிடம் சொன்னாள்.

“எது ஹோல்ட் பண்ணாது?” என்று துரை கேட்டார்.

“தெரியவில்லை, சேர்.”

“பாலமா? கூரையா? பெக்டரிக்குப் பின்னால் உள்ள மண்மேடா?”

அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லின் அத்தனை அர்த்தங்களும் தலைக்குள் சுழன்றன. எது தாங்கவில்லை, எது பிடித்து நிற்கவில்லை, யார் அதன் கீழே நின்றார்கள் என்பதை மட்டும் எந்த அகராதியும் சொல்லாது. துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பரிமளம் புசல்லாவைத் தபால் கந்தோரைக் கூப்பிட்டாள்.

“பிள்ளை, தோட்டத்துப் பக்கம் கம்பியெல்லாம் அறுந்து போச்சுது” என்றார் பொன்னுத்துரை. “மண் சரிஞ்சிட்டுது எண்டு சனம் கதைக்குது. ஆருக்கு என்ன எண்டு தெரியேல்லை. நான் ஆள் விட்டு விசாரிக்கிறன்.”

வேலை முடிகிற நேரமாகியும் பரிமளம் கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை. மழைக்குக் குடையோடு அவளைக் கூட்டிப்போக வந்த அழகமுத்து, மகள் முகத்தைப் பார்த்தார். “யாரும்மா அங்க இருக்காங்க?” என்று கேட்டார். “கிளாக்கர் ஒருத்தர்ப்பா” என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறொன்றும் கேட்காமல் குடையை விரித்தார்.

மறுநாள் மத்தியானம் பொன்னுத்துரையே கூப்பிட்டார்.

“பிள்ளை, பயப்பிடாதை. இஞ்சை என்ரை முன்னாலை ஒருத்தர் சேறும் சகதியுமா நிக்கிறார். கம்பிதான் இல்லையே, நடந்து வந்திருக்கிறார். ஒரு கதை கதைக்கோணுமாம். நான் இண்டைக்கு மணிக்கூடு பாக்கேல்லை. ஆறுதலாக் கதையுங்கோ.”

“மிஸ்” என்றது ராஜலிங்கத்தின் குரல். “நான் நல்லாத்தான் இருக்கேன்.”

பெக்டரிக்குப் பின்னால் இருந்த கல்மதில் மண்ணின் பாரத்தைத் தாங்காது என்பதைத்தான் சின்னதுரை சொல்ல வந்திருக்கிறார். மதில் விழுவதற்குள் கீழ் லைனிலிருந்த சனங்களையெல்லாம் ராஜலிங்கமும் கங்காணிமாரும் இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவனுடைய அப்பா கறுப்பையா கங்காணியின் காம்பரா என்கிற லைன் வீடும் மாட்டுப்பட்டியும் மண்ணுக்குள் போய்விட்டன.

“அன்னைக்கு ஒண்ணு பாக்கி வச்சேனே, மிஸ்…”

“சொல்லுங்க.”

“ஒங்களப் புடிச்சிருக்கு. மண்ணு இடிஞ்சு வரும்போது அதச் சொல்லாம விட்டுட்டோமேன்னுதான் நெனச்சேன்.”

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு மூடி பட்டென்று விழுந்தது. பழக்க தோஷத்தில் அவனிடமே “ஹோல்ட் த லைன், ப்ளீஸ்” என்று சொல்லிவிட்டாள் பரிமளம். கொழும்பு ஆளை மேல்மாடிக்கு இணைத்துவிட்டு, புசல்லாவை லைனுக்குத் திரும்பி வந்தாள்.

“இருக்கீங்களா?”

“இருக்கேங்க.”

“எனக்கும்தான்” என்றாள்.

பொன்னுத்துரை அன்று கடைசிவரை குறுக்கே வரவில்லை.

மழை விட்டபின், மண் சரிந்த விபரக் கடதாசிகளோடு ராஜலிங்கம் கண்டிக்கு வந்தான். கட்டையாக, கறுப்பாக, கையில் அவனைவிடப் பெரிய குடையோடு ஓர் ஆள் பலகைக்கு முன்னால் வந்து நின்று, “இங்க பரிமளம் மிஸ்னு யாருங்க?” என்று பரிமளத்தையே கேட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் போட்டு வைத்திருந்த உயரமான ஆள் எங்கேயோ போய்விட்டான். பிறகு எவ்வளவு முயன்றும் அந்த உயரமானவனின் முகத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விஷயத்தைக் கேட்ட அழகமுத்து ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“தோட்டத்து ஆளுன்னு நான் சொல்லல. நம்ம பாட்டன் பூட்டனும் அப்படி வந்தவங்கதான். ஆனா அவன் எந்த நாட்டுக்காரன்? இந்தப் பிரசாவுரிமைய எடுக்க நான் எத்தனை கந்தோர் ஏறி எறங்கினேன் தெரியுமா? நாளைக்கு அவனை இந்தியாவுக்குக் கப்பலேத்தினா நீ என்ன பண்ணுவ?”

“எந்த பாஸ்போட் வச்சிருக்கார்னு பாத்தாப்பா எனக்குப் பிடிச்சுது?” என்றாள் பரிமளம்.

அழகமுத்து மனம் கேட்காமல், ஒரு போயா விடுமுறை நாளில் பஸ் ஏறிப் புசல்லாவைக்குப் போனார், பையனின் தகப்பனிடமே நேரில் சொல்லிவிடலாம் என்று.

அங்கே கறுப்பையா அவரைவிட உறுதியாக மறுத்தார். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத தோட்டத்துச் சனங்களை இலங்கை, இந்திய அரசுகள் பங்கு பிரிக்க ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. இந்தியாவுக்குப் போகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் பேச்சு நடந்தது. காம்பரா புதைந்த அன்றைக்கே கறுப்பையா முடிவெடுத்துவிட்டார்.

“இந்த மண்ணு நம்மளப் புடிச்சு வச்சுக்க மாட்டேங்குதுங்க. அதுவே போன்னு சொல்லிருச்சு. நான் குடும்பத்தோட கெளம்புறேன். எம் மவனும் வருவான். இதுல கண்டியில சம்பந்தம் எதுக்குங்க?”

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் அழகமுத்து.

“ரொம்ப சரியாச் சொன்னீங்க.”

இருவரும் மாறி மாறி ஒருவர் சொன்னதை ஒருவர் ஆமோதித்தார்கள். பால் இல்லாத சாயத்தண்ணி வந்தது. பேசப் பேச, இரண்டு வீட்டு முன்னோரும் ஒரே தாலுக்காவிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பது வெளிப்பட்டது. மத்தியானச் சோறும் ஆயிற்று. கடைசியில் ராஜலிங்கத்தின் அம்மா பேச்சியம்மா கதவோரத்திலிருந்து சொன்னாள்:

“காலையிலேர்ந்து பாக்குறேன், வேணாங்கிறதுல ரெண்டு பேரும் இம்புட்டு ஒத்துமையா இருக்கீங்க. இப்படி ஒரு சம்பந்தி எங்க தேடினாலும் கெடைக்குமா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அழகமுத்துதான்.

1969இல் கட்டுக்கலைக் கோவிலில் கல்யாணம் நடந்தது. பொன்னுத்துரை வேட்டி சால்வையோடு வந்து ஒரு சுவர் மணிக்கூடு பரிசளித்தார். “இது நேரத்தைக் காட்டும், ஆனா குறுக்காலை வந்து கதையாது” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். கல்யாணத்துக்கு முன்பே ராஜலிங்கம், இங்கேயே இருந்துவிட எண்ணி, தன் பெயரில் தனியாக இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். அன்றிலிருந்து கறுப்பையா மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சபையில் தாலி எடுத்துக் கொடுத்தாரே தவிர, முகம் கொடுக்கவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து கறுப்பையாவும் பேச்சியம்மாவும் இந்தியாவுக்குப் போகும் நாள் வந்தது. தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலுக்கு மலைநாட்டுச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்டி ஸ்டேஷன் முழுவதும் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும் அழுகையுமாக இருந்தது. கறுப்பையா ஜன்னலுக்கு அந்தப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜலிங்கம் மேடையில் நின்று, “அப்பா… அப்பா…” என்று கூப்பிட்டான். அவர் திரும்பவே இல்லை. பேச்சியம்மா மட்டும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பரிமளத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் பசி தாங்கமாட்டான் தாயி. கோவம் வந்தா சாப்பிடாம படுத்துருவான். விட்றாத.”

கோச்சி அசைந்தது. பேச்சியம்மா கையை விடவில்லை. பரிமளம் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். மேடை முடிகிற இடத்தில் யாரோ அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். அது அழகமுத்து.

பிறகு காத்திருப்புதான். விண்ணப்பம் என்னாயிற்று என்று கேட்டால், கந்தோரிலிருந்து ‘ஹெல்ட் ஓவர்’ என்று பதில் வரும். ஒத்திவைத்திருக்கிறார்களாம். விசாரணைக்குப் போனால், எந்த நாட்டுப் பாஸ்போட் ‘ஹோல்ட்’ பண்ணுகிறாய் என்று கேட்பார்கள். “ஒரு நாட்டுதும் இல்லீங்க” என்பான் ராஜலிங்கம். வீட்டுக்கு வந்து கோபத்தில் சாப்பிடாமல் படுப்பான். பரிமளம் சோற்றைப் பிசைந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை கதவோரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு சமயம் அவளுக்கே பொறுக்கவில்லை. “சின்ன வயசுல இந்தச் சொல்லைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும்” என்றாள். “இப்ப இதைக் கண்டுபிடிச்சவனை நேர்ல பாத்தா நாலு கேள்வி கேக்கணும் போலருக்கு.” ராஜலிங்கம் சிரித்துவிட்டு எழுந்து சாப்பிட்டான்.

அந்த இடைவெளியில் உலகமே மாறிப்போயிற்று. 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கொம்பனி கண்டிக் கந்தோரைப் பூட்டியது. டெலிபோன் பலகையைக் கழற்றி லொறியில் ஏற்றுவதைப் பரிமளம் வாவிக்கரையில் நின்று பார்த்தாள். பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதே வேலை கிடைத்தது. ராஜலிங்கமும் தோட்டத்தை விட்டுவந்து டவுனில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதினான். அடுத்த வருஷம், எதிர்பார்ப்பதை விட்டிருந்த நேரத்தில், பிரசாவுரிமை வந்தது. அன்று அழகமுத்து தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

பாஸ்போட் கைக்கு வந்ததும், காசு சேர்த்து, 1979இல் இருவரும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். கறுப்பையாவும் பேச்சியம்மாவும் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். ஊர் மாறினாலும் வீடு மாறவில்லை. அதே நீண்ட வரிசை, அதே தகரக் கூரை.

முதல்நாள் கறுப்பையா ஒரு சொல் பேசவில்லை. மகன் கொண்டுபோன வேட்டியைத் தொட்டும் பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, யாரிடமோ சொல்வதுபோல், “மலைப் பக்கம் போறேன். வர்றவங்க வரலாம்” என்றார். ராஜலிங்கம் பின்னால் போனான். கொஞ்சம் தள்ளிப் பரிமளமும் போனாள்.

இளந்தேயிலை நட்ட ஒரு சரிவில் அவர் குந்தி உட்கார்ந்தார். ஒரு செடியின் அடியிலிருந்த மண்ணை விரலால் கிளறினார்.

“இங்க மண்ணு வேற மாதிரி. வந்த புதுசுல நட்டதெல்லாம் பட்டுப்போச்சு. வேர் புடிக்க நாளாவுது.”

“இப்ப புடிச்சிருச்சாப்பா?”

“புடிச்சிருச்சு. புடிக்காம எங்க போவும்?” கறுப்பையா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். “நீ எளைச்சுப் போயிட்டியேடா. அங்க நம்ம மலையில மழையெல்லாம் எப்படி? அந்த மதிலக் கட்டிட்டாங்களா?”

ராஜலிங்கம் பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். மதிலைக் கட்டியது, பெக்டரிக்குப் புது இயந்திரம் வந்தது, பொன்னுத்துரை பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனது, எல்லாம். வெயில் ஏறும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. பரிமளம் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படுகிற அன்று பேச்சியம்மா மருமகளைத் தனியே அழைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள்:

“தாயி, இங்க எல்லாம் கெடைக்குது, மாசிக் கருவாடுதான் இல்ல. தேங்காச் சம்பல்ல மாசி போட்டுத் தின்னு ஏழு வருஷமாச்சு. அடுத்த தடவ வாறப்ப ஒரு துண்டு கொண்டாறியா?”

அதற்கு அடுத்த வருஷமே பரிமளம் ஒரு பை நிறைய மாசிக்கருவாடு வாங்கிக்கொண்டு கப்பலேறினாள். ராமேஸ்வரத்துச் சுங்க அதிகாரி ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், “என்னம்மா இது, கட்டையா கல்லா?” என்று கேட்டார். மாமியார் சம்பல் சாப்பிட என்று அவள் சொன்னதும், தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தள்ளினார்.

கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு, மாசியை இடித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் காரத்துக்குக் கொச்சிக்காயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பரிமளமே சம்பல் போட்டாள். பேச்சியம்மா ஒரு கவளத்தை வாயில் வைத்தாள். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.